இளையோர் உடல்நலம் பற்றிய பேச்சில் ‘பண்புசார் ஆய்வு’ என்கிறார்களே, அது என்ன?

எத்தனை பேர் என்று எண்ணாமல், ஏன், எப்படி என்று ஆட்களிடமே உட்கார்ந்து கேட்கும் ஆய்வு அது. நேர்காணல், குழுவாகப் பேசவைப்பது, கூடவே இருந்து கவனிப்பது எல்லாம் அதன் வழிகள்.

ஓர் எடுத்துக்காட்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு என்ற எண்ணிக்கைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். மாதவிடாய் ஒரு காரணம், சரி. ஆனால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? இருக்கும் ஒரு முட்டை யார் தட்டுக்குப் போகிறது? பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை அதை விழுங்கத் தயங்குவதில் என்ன வியப்பு? வறுமையும் பாகுபாடும் உடம்புக்குள் நுழையும் வழி இதுதான். எண்கள் மட்டும் அதைக் காட்டாது.

வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். யார் வரவில்லை என்று அது சொல்லும். ஏன் வரவில்லை என்று தெரிய வீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்புறம், அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் பிள்ளை வாய் திறக்காது. தனியாகப் பேச இடம் வேண்டும். என்னைக் கேட்டால் பாதி வேலை அதுதான்.

‘இருபது பேரிடம் கேட்டால் ஊருக்கே பொருந்துமா?’ என்பார்கள். ஆனால் இந்த ஆய்வு ஊரின் சதவீதத்தைச் சொல்ல வரவில்லை, அந்தச் சதவீதம் எப்படி உருவாகிறது என்பதைத்தான் தேடுகிறது.