தேங்காயும் மீனும் விலக்க வேண்டியவையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. இரத்த அழுத்தம் 150/96 இருந்ததால் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். தேங்காயும் மீனும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டையும் நிறுத்திவிட வேண்டுமா?
– வாசகி, குளச்சல்

பதில்: மீனை நிறுத்தவே வேண்டாம். உங்கள் கரையில் இறங்கும் சாளையிலும் அயிலையிலும் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. பொரிக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ வைத்து வாரம் இரண்டு முறையாவது கொடுங்கள்.

எனக்குக் கவலை தருவது கருவாடும் ஊறுகாயும்தான். பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். மரச்சீனிக்கிழங்கை உப்பிட்டு அவித்து, கருவாட்டைத் தொட்டுக்கொண்டு, கஞ்சியிலும் உப்புப் போட்டுக் குடித்தால், அந்த அளவின் பெரும்பகுதி காலையிலேயே தீர்ந்துவிடும்.

தேங்காயை அறவே விலக்க வேண்டியதில்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை உயர்த்தும். ஆகவே தாளிப்பதற்கு நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ அளவாகப் பயன்படுத்துங்கள்; குழம்புக்கு அரைக்கும் தேங்காயைப் பாதியாக்குங்கள். "முன்னோர்கள் தேங்காய் தின்றுதானே வாழ்ந்தார்கள்" என்று அப்பா கேட்கக்கூடும். வள்ளம் தள்ளி, கரைமடி இழுத்த அவர்களுடைய உழைப்பு இன்று நம்மில் பலருக்கு இல்லை. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை உடனே விட வேண்டும்.

அழுத்தம் குறைந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால், வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.