தடைக்காலத்துச் சிரிப்பு

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து, கடற்கரையில் திரை கட்டி கவுண்டமணி–செந்தில் படங்களைப் போட்டுப் பார்க்கிறோம். நல்ல கூட்டம் வருகிறது. இதை ரசிகர் மன்றமாக்கி, கொடி, தலைவர், செயலாளர், மாதச் சந்தா என்று முறைப்படுத்தலாம் என்கிறார்கள் சிலர். பெரியவர்களோ இதையே வெட்டி வேலை என்கிறார்கள். உங்கள் கருத்து?
– வாசகர், பாம்பன்

பதில்: கூட்டம் கட்டாயம் வேண்டும். மன்றம் வேண்டாம்.

பெரியவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. பகலில் மராமத்தும் வலை வேலையும் இருக்கும். பொழுது சாய்ந்தால் கையில் காசும் இல்லை, போக இடமும் இல்லை. அந்த நேரத்தில் பிள்ளைகள் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி ஊரைச் சிரிக்க வைக்கிறார்கள். இது இல்லையென்றால் அவர்கள் எங்கே போய் உட்காருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தடுக்காதீர்கள்.

இனி உங்களுக்கு. பழைய ஹாலிவுட் நகைச்சுவை ஜோடியான லாரல்–ஹார்டியின் ரசிகர்கள் எப்படிக் கூடுகிறார்கள் என்று பாருங்கள். லாரலின் வரலாற்றை எழுதிய ஜான் மெக்கேப், நண்பர்களோடு சேர்ந்து 1965-ல் நியூயார்க்கில் ஒரு சங்கம் தொடங்கினார். அந்த ஜோடியின் 1933-ஆம் ஆண்டுப் படமான ‘சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்’தான் சங்கத்துக்கும் பெயர். பாலைவனத்தின் பிள்ளைகள் இல்லையா, அதனால் ஊருக்கு ஊர் உள்ள கிளைகளைக் ‘கூடாரம்’ என்கிறார்கள். ஒவ்வொரு கூடாரத்துக்கும் அந்த ஜோடி நடித்த ஏதாவது ஒரு படத்தின் பெயர். தலைவர், துணைத் தலைவர் எல்லாம் உண்டு. ஆனால் நிர்வாகிகளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று விதியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்! லாரலும் ஹார்டியும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்தக் கூடாரங்கள் கலையவில்லை. பதவிக்கு அங்கே மதிப்பில்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊரில் நடப்பது உங்களுக்குத் தெரியாததா? தலைவர் என்று ஒருவரைப் போட்டால், கிடைக்காதவர் மறுவாரம் தனிக் கூட்டம் போடுவார். பேனரில் யார் படம் பெரிது என்று சண்டை வரும். பிறகு சந்தா. தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு வருவது 8,000 ரூபாய். அதை வைத்து இரண்டு மாதம் ஓட்டுகிற வீட்டு வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்பீர்களா? வேண்டாம் தம்பி.

செந்தில் நம் மாவட்டத்துக்காரர். முதுகுளத்தூர் பக்கம் இளஞ்செம்பூரில் பிறந்தவர். அந்தப் பெருமை உங்களுக்கு இருக்கட்டும், எனக்கும் உண்டு. ஆனால் பெருமைக்குக் கொடி எதற்கு? படத்தை ஒழுங்காகப் போட்டாலே போதும். ஒழுங்காக என்றால், முழுப் படத்தையும் போடுவது. செல்போனில் இரண்டு நிமிடத் துண்டாகப் பார்த்துப் பார்த்து, வசனம் மட்டும்தான் நகைச்சுவை என்று நினைக்கப் பழகிவிட்டோம். ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கி வரப் போனவர் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார், அவ்வளவுதான் விஷயம். கேட்ட கேள்வியையே கவுண்டமணி திரும்பத் திரும்பக் கேட்க, செந்தில் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் அதே பதிலைச் சொல்ல, பார்ப்பவருக்கு அடுத்து வரப்போவது முன்பே தெரிந்துவிடுகிறது. அது வரும்வரை காத்திருப்பதில்தான் சிரிப்பு. நூறு பேர் மணலில் சேர்ந்து உட்கார்ந்து காத்திருந்தால் அது நூறு மடங்கு.

அந்தக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன். ‘வைதேகி காத்திருந்தாள்’ பெட்ரோமாக்ஸ் காட்சியும் அவர் எழுதியதே. உங்கள் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அமெரிக்கக் கூடாரங்களில் ஜேம்ஸ் ஃபின்லேசன், மே புஷ் என்று துணை நடிகர்களையும் மறக்காமல் நினைவுகூருகிறார்கள். படம் தொடங்கும் முன் ஒருவர் எழுந்து வீரப்பனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லட்டும். கொடி ஏற்றுவதைவிட அது நூறு பங்கு மேல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பு நிறத்தையும் வழுக்கையையும் உருவத்தையும் வைத்து ஆளைத் திட்டும் காட்சிகள் இந்தப் படங்களில் நிறையவே உண்டு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அதே வார்த்தை சொல்லிக் கூப்பிடும். வெயிலில் காயும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று யோசியுங்கள். எல்லாம் தெரிந்ததாகப் பேசும் அண்ணன், ஒன்றும் தெரியாதவன் கேட்கும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாரே, அந்த இடங்கள்தான் இந்த ஜோடியின் உச்சம் என்பது என் எண்ணம். அப்படிப்பட்ட காட்சிகள் நிறைந்த படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், பெண்கள். உங்கள் கடிதத்தில் இளைஞர்கள் இருக்கிறார்கள், பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கருவாடு காயப்போட்டு, மீன் விற்று, சோறாக்கி முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிடும். படத்தை எட்டரைக்குப் போடுங்கள். முன்வரிசைப் பாயை அவர்களுக்கு விடுங்கள். கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் வேட்டித் திரை நிற்காது, ஏதாவது ஒரு சுவர் மறைவில் கட்டுங்கள்.