பூத்து முடிந்ததும் செடி செத்துப்போகிறது. எனக்குக் கைராசி இல்லையா?

உங்கள் கேள்வியில் 'கைராசி' என்ற சொல்லைக் கண்டபிறகு பேசாமல் போக முடியவில்லை. பூவோடு வாங்கிய செவ்வந்தியும் (மரிகோல்ட்) சீனியாவும் சில மாதத்தில் காய்ந்துவிட்டன, செவ்வரத்தை மட்டும் நிற்கிறது என்கிறீர்கள். உங்களுடையதும் பிளாற் பல்கனியாகத்தான் இருக்கும். யாரோ ஒரு மாமி வந்து பார்த்து, "உன்ரை கைக்கு ஒண்டும் வராது பிள்ளை" என்று சொல்லியிருப்பா.

நீங்கள் கொல்லவில்லை. சாகிற காலம் வந்து செத்த செடிகள் அவை. செவ்வந்தி, சீனியா, காசித்தும்பை எல்லாம் ஒருவருடச் செடிகள். வருடம் என்பது பேருக்குத்தான். கொழும்பு வெக்கையில் நாலைந்து மாதத்திலேயே முளைத்து, பூத்து, விதை முற்றி முடிந்துவிடும். மகளின் கலியாணத்துக்கு வீட்டையே விற்றுக் கொடுக்கிற தகப்பன் மாதிரி, இலையில் இருக்கிற சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டுக் காயும். வாடின பூவை உடனுக்குடன் கிள்ளினால் இன்னும் சில கிழமை பூக்கும், அவ்வளவுதான். செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை பலவருடச் செடிகள். எவ்வளவு பூத்தாலும் இலை விடுகிற மொட்டு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதில் திரும்பத் துளிர்க்கும்.

ஆனால் விதைப் பக்கற்றில் 'ஒருவருடச் செடி' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். ரொறொன்ரோவில் இருந்து வந்த என் மச்சாள் என்ரை மிளகாய்க் கண்டைப் பார்த்துவிட்டு, "இது ஒரு வருசக் கண்டு, காய்ச்சு முடிஞ்சுது, பிடுங்கி எறியுங்கோ" என்றா. அங்கே அவவுக்கு அது சரி. மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் பிறப்பில் பலவருடச் செடிகள். உறைபனி விழுந்து கொல்வதால்தான் குளிர்நாட்டில் ஒரு வருடத்தோடு சரி. வெள்ளவத்தையில் என்ன உறைபனி? கொப்பை வெட்டி, மாட்டெரு போட்டு விட்டேன். இன்றைக்கும் சம்பலுக்கு அதில்தான் ஆய்கிறேன். அவ கொண்டுவந்த ரியூலிப் கிழங்கு அங்கே வருடாவருடம் பூக்குமாம். இங்கே நாலு இலையோடு நின்றுவிட்டது. அதற்குப் பூக்கக் கிழமைக்கணக்கில் குளிர் வேண்டும். கரட், கோவாவும் இரண்டுவருடச் செடிகள்தான். குளிர் படாமல் பெரும்பாலும் பூக்காது, விதையும் தராது. அப்போது அவவின் கைராசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

'கிழட்டு மிளகாய்க் கண்டில் காய் சிறுக்கும்' என்று யாராவது கீழே எழுதுவீர்கள். சிறுக்கும்தான். இலை சுருண்டால் நானும் பிடுங்குவேன். விற்கப் பயிரிடுபவர்கள் போகத்துக்குப் போகம் புதிதாக நடுவதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. நீண்டகாலம் நிற்பதெல்லாம் திரும்பத் திரும்பப் பூக்கும் என்றும் நான் சொல்லவரவில்லை. தாளிப்பனை 30 முதல் 80 வருடம் வரை நின்று, ஒரேயொரு முறை பூத்து, காய் உதிர்ந்ததும் சாகும். அதற்கு எந்த மாமி யாரைக் குறை சொல்வா?

செடி சாக வேறு வழியும் உண்டு, அதுதான் எங்கள் மாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழு. டெங்கு என்று சொல்லி எல்லாப் பூச்சாடிகளையும் எடுக்கச் சொல்லிக் கடிதம் ஒட்டினார்கள். நுளம்பு பெருகுவது சாடிக்குக் கீழே தட்டில் தேங்குகிற தண்ணீரில். நான் தட்டே வைப்பதில்லை. கீழே வாசலில் பழுதான நீரூற்றில் மாதக்கணக்காகத் தண்ணீர் நிற்கிறது. அதற்கு எந்தக் கடிதமும் இல்லை. சுற்றிவர பிளாஸ்ரிக் பூ வேறு.

சரி, உங்கள் செவ்வந்தி. காய்ந்த தலைகளை எறிந்துவிடாதீர்கள். உள்ளே மெல்லிய கறுப்பு விதைகள் இருக்கும், கடுதாசியில் சுற்றி வையுங்கள். மழை குறைந்து தை பிறந்ததும் தூவுங்கள். கலப்பின விதையில் வந்த செடியென்றால் அதே பூ வராது, நிறமும் அளவும் மாறலாம். அதற்கும் உங்கள் கை பொறுப்பில்லை.