நாலே கோழி மிஞ்சியிருக்கு, வம்சம் தேறுமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். சிறிய உடம்புள்ள சிறுவிடை, பெரிய உடம்புள்ள பெருவிடை ஆகிய நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறார்.

கேள்வி: கிளிமூக்கு விசிறிவால் கோழி வளர்க்கிறேன். அப்பா காலத்திலிருந்து வரும் வழி. போன மாதம் சந்தையில் ஒரு பெட்டை வாங்கி வந்து மற்றதோடு சேர்த்து அடைத்தேன். சில நாளில் அது தலையைத் தொங்கப்போட்டது. அடுத்து ஒவ்வொன்றாகப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் செத்தன. இப்போது ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும்தான் மிச்சம். ஒரு பெட்டைக்குக் கழுத்து திருகியே நிற்கிறது. நோய் நேரத்தில் இட்ட முட்டைகள் கையில் இருக்கின்றன. அடை வைக்கலாமா? இந்த வம்சம் தேறுமா? (வேடசந்தூர் வாசகர்)

பதில்: தேறும் தம்பி. ஒரு சேவலும் மூன்று பெட்டையும் இருந்தாலே ஒரு வழியை மீட்டுவிடலாம். ஆனால் கையில் இருக்கும் அந்த முட்டைகளை அடை வைக்காதீர்கள். நோய் கண்ட கோழி இட்ட முட்டையில் கிருமி இருக்கலாம், ஓட்டின் மேல் எச்சத்தோடும் ஒட்டியிருக்கும். கரு பெரும்பாலும் பாதியிலேயே செத்துவிடும். அப்படிப்பட்ட முட்டை உடைந்தால் அடைக்கூடை முழுக்க நோய். அவற்றைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடிவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் ராணிக்கெட்டுக்குப் பொருந்துகின்றன. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்போமே, அதுதான். ஆனாலும் பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படியே இருக்கும். அதனால் இனி எப்போதாவது கோழிகள் கூட்டமாகச் செத்தால், புதைப்பதற்கு முன் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மருத்துவர் செத்த கோழியை அறுத்துப் பார்த்தும், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஓடையில் வீசுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நாய் இழுத்துப்போட்ட செத்த கோழியாலும் ஒரு தெருவின் நோய் அடுத்த ஊருக்குப் போகும்.

கழுத்து திருகிய பெட்டையை அறுத்துவிடச் சொல்லி நாலு பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தக் கோணல் நரம்பைக் கிருமி தாக்கியதால் வந்தது, குஞ்சுகளுக்குப் போகாது. தனியாக வைத்து, கம்போ சோறோ பிசைந்து கையால் ஊட்டுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை அதன் அலகு எட்டும் உயரத்தில் வையுங்கள். சில கோழிகள் கோணல் கழுத்தோடு நன்றாக முட்டையிட்டு வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நிலைமையில் ஒரு பெட்டை என்பது இருக்கும் பெட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு.

அப்புறம் கொட்டகை. எச்சத்தையும் பழைய வைக்கோலையும் வழித்துக் குழியில் போட்டு மூடுங்கள். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்க வேண்டும். அழுக்கின் மேல் மருந்தைத் தெளித்தால் அது அழுக்கோடு முடிந்துபோகும். கொட்டகைக்குள் வெயில் விழ வழி செய்யுங்கள். நிழலிலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் கிருமி, நேர் வெயிலில் தாக்குப்பிடிக்காது. தேறிய கோழிகூடச் சில வாரங்கள் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஆகவே கடைசிக் கோழி தெளிந்து இரண்டு மாதமாவது ஆகட்டும். ஆரம்பத்தில் தோல் முட்டையும் கோணல் முட்டையும் வரும். ஓடு ஒழுங்கான பிறகு வரும் முட்டைகளைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

உங்கள் கிளிமூக்கு மாதிரியான பெருவிடைப் பெட்டையை அடைக்கு உட்கார வைத்தால் உடம்பு கனத்தில் முட்டையை மிதித்து உடைத்துவிடும். நல்ல சிறுவிடை அடைக்கோழி ஒன்றைத் தேடுங்கள், அதன் வயிற்றுக்கு அடங்குகிற அளவுக்கு மட்டும் முட்டை வையுங்கள். உட்கார வைக்கும் முன் அதன் இறக்கைக்கு அடியில் விலக்கிப் பேன், செள் இருக்கிறதா என்று பாருங்கள். பேன் பிடுங்கும் கோழி இரவில் எழுந்து போய்விடும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்திருங்கள்.

பொரித்த குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் லசோட்டா அல்லது எஃப் வகைத் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரத்தில் ஆர்டிவிகே என்னும் கழிச்சல் தடுப்பூசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே. தாய் நோயிலிருந்து தேறியது என்பதால் குஞ்சுக்கும் எதிர்ப்பு இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். கருவோடு வரும் அந்த எதிர்ப்பு இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும்.

இன்னொன்றையும் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். வம்சம் முழுவதையும் ஒரே கொட்டகையில் வைக்காதீர்கள். முதல் ஈடு வளர்ந்ததும் ஒரு சேவலும் இரண்டு இளம் பெட்டையும் வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு வாரத்துக்கு, அதாவது வளர்ப்பவருக்கும் பங்கு என்ற ஏற்பாட்டில், விடுங்கள். நம் பெரியவர்கள் ஆட்டையும் கோழியையும் வாரத்துக்கு விட்டதில் லாபக் கணக்கு மட்டும் இல்லை, இந்தப் பாதுகாப்பும் இருந்தது. அப்பன் சேவலோடு மகள் பெட்டையை ஒருமுறை சேர்ப்பதில் பெரிய கேடில்லை. அதையே தலைமுறை தலைமுறையாகச் செய்தால் கரு கூடுவது குறையும், குஞ்சுகள் சவலையாகும். இரண்டு வருடத்துக்குள் உறவில்லாத நல்ல கிளிமூக்குச் சேவல் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுங்கள். வாங்கி வந்ததும் மூன்று வாரம் தனிக்கூண்டு, தனிப் பாத்திரம், தீனி வைப்பது கடைசியில். கண்காட்சிக்குப் போய் வரும் உங்கள் சொந்தச் சேவலுக்கும் இதே விதிதான்.

கேள்வி: கடக்நாத் என்னும் கருங்கோழியின் முட்டைகளை இன்குபேட்டர் பெட்டியில் வைத்தேன். 21-ஆம் நாள் பாதிக்கு மேல் ஓட்டுக்குள்ளேயே முழுக் குஞ்சாகச் செத்திருந்தன. சிலது மூக்கால் ஓட்டை போட்டுவிட்டு அப்படியே காய்ந்துபோயின. (கிருஷ்ணகிரி வாசகி)

பதில்: ஓட்டை போட்ட பிறகு காய்ந்தது என்றால் அம்மா, நீங்கள் ஆசையாக மூடியைத் திறந்து திறந்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். திறக்கும்போதெல்லாம் ஈரப்பதம் வெளியேறி, உள்தோல் குஞ்சின் மேல் இறுகி ஒட்டிக்கொள்ளும். முதல் 18 நாள் ஈரப்பதம் 50-லிருந்து 55 சதவீதம் போதும். அதன்பின் உருட்டுவதை நிறுத்தி, 65-லிருந்து 70-க்கு ஏற்றி, குஞ்சுகள் வெளியே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். வந்த குஞ்சு ஒரு நாள் தீனியில்லாமல் தாங்கும், மஞ்சள் கரு அதன் வயிற்றில் இருக்கிறது.

சூட்டையும் சரிபாருங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 99.5-லிருந்து 100 டிகிரி ஃபாரன்ஹீட். பெட்டியோடு வரும் அளவி பொய் சொல்வது சாதாரணம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சேர்த்து வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் பதற வேண்டாம், மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

கடக்நாத் அடைக்கு உட்காருவது குறைவு என்பதால் உங்களுக்குப் பெட்டி தேவைதான். தாய்க்கோழிகளுக்கு வெறும் மக்காச்சோளம் போட்டால் பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கரு கடைசியில் தடுமாறும். முருங்கைக்கீரை, அகத்தி, கொஞ்சம் கருவாட்டுத்தூள் கொடுங்கள். இன்னொரு விஷயம், கருப்பு முட்டை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் அசல் கடக்நாத் இடுவது வெளிர் பழுப்பு முட்டைதான்.

கேள்வி: இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகிவிடுமா? பாட்டி கூடையில் இரும்புத் துண்டு போடச் சொல்கிறார். (தென்காசி வாசகர்)

பதில்: இடிச் சத்தம் கருவைக் கொல்வதில்லை. இடி இடிக்கும் மாதங்களுக்கு முன்னால் அடிக்கும் வெயிலில் முட்டை வைத்த இடத்திலேயே கெட்டுப்போகிறது, மழையில் கூடை நனைகிறது, மிரண்ட கோழி எழுந்து ஓடுகிறது. பாட்டிக்காக இரும்பைப் போடுங்கள், கூடையை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு தெரியாததை எடுத்துவிடலாம்.

கேள்வி: மூன்று வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன. கீழாநெல்லியும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தால் போதுமா? (மணப்பாறை வாசகி)

பதில்: போதாது. அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல், ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் அடங்கும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே படுக்கையை மாற்றிக் காய்ந்த உமி போடுங்கள். பச்சிலை கொடுப்பதில் தவறில்லை, குஞ்சு தீனி எடுக்க உதவும். மருந்துக்குப் பதிலாகக் கொடுத்து இரண்டு நாள் காத்திருந்தால் இருப்பதும் போய்விடும்.

கேள்வி: எனக்கு ஆறு கோழிதான். கடையில் 100 கோழிக்கான தடுப்பு மருந்து பாட்டில்தான் தருகிறார்கள். (மேலூர் வாசகர்)

பதில்: இதனாலேயே கிராமத்தில் பல பேர் தடுப்பு மருந்து போடாமல் விடுகிறார்கள். தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லாரையும் ஒரே நாளில் சேருங்கள், செலவையும் பங்கு போடுங்கள். ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுவந்து, சாயங்காலம் கோழி கூடடைந்த பிறகு போடுங்கள். கரைத்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை இலவசமாகக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும். முன்கூட்டியே மருந்தகத்துக்குப் போய் உங்கள் ஊருக்கு என்றைக்கு வருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். முகாமன்று கோழிகளைக் காலையில் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள்.