கார் எடுத்து மட்டக்களப்பு, அம்பாறை சுற்ற: கேள்வி பதில்

டொரொண்டோவிலிருந்து: அண்ணன், கனடா லைசென்சும் சர்வதேச அனுமதியும் இருக்கு. வாடகைக்கு எடுத்து நானே ஓடலாமா?

ஓடலாம். ஆனால் சர்வதேச அனுமதி மட்டும் போதாது. கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷனின் ஒப்புதல் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்குக் கவுண்டர் திறந்துவிட்டார்கள். இறங்கிய இடத்திலேயே அலுவலை முடித்துவிட்டு வாருங்கள். இங்கே இடப்பக்கம்தான் ஓட வேண்டும். ஊருக்குள் வேகம் 50, வெளியே 70.

செங்கலடியிலிருந்து: தெரிஞ்ச ஒருவரின் கார் நாள் வாடகைக்கு மலிவாகக் கிடைக்குது. எடுப்போமா?

முதலில் காப்புறுதிப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியோடு காரை வாடகைக்கு விட்டால், மோதும் நாளில் கம்பனி கைவிரிக்கும். அதற்குப் பிறகு அவருக்கும் உங்களுக்கும் இடையில்தான் சண்டை. வருமான அனுமதிப்பத்திரத்தின் (வருடாந்த வாகன வரிப் பத்திரம்) திகதியையும் பாருங்கள். உதிரி டயரில் காற்று இருக்கிறதா, ஜாக் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் உரிமையாளர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். அவர் முகம் சுளித்தால் வேறு கார் பாருங்கள்.

பாரிஸிலிருந்து: பிரான்ஸ் லைசென்ஸ் செல்லுமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

லண்டனிலிருந்து: பாசிக்குடாவிலிருந்து அறுகம்பேக்கு எவ்வளவு நேரம்?

கிட்டத்தட்ட 140 கிலோமீற்றர். நான்கு மணித்தியாலம் வையுங்கள். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர் முடிய ஊர் வரும், அதனால் 70இல் ஓட இடம் குறைவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல்களுக்கு முன்னால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். காலையிலேயே வெளிக்கிடுங்கள். பொழுதுபட்டால் மாடுகள் தார் ரோட்டில் வந்து படுத்துவிடும், கறுப்பு மாட்டை லைட் வெளிச்சத்தில் பார்ப்பதற்குள் மோதிவிடுவீர்கள். மாலை ஆறுக்கு முன் கார் நிற்க வேண்டும்.

கொழும்பிலிருந்து: சம்மாந்துறைப் பக்கம் பாதி ரோட்டில் நெல் காயுது. பொலிஸ் ஏன் சும்மா விடுது?

சம்மாந்துறையிலிருந்து: நெல் காயவைக்கக் களம் எங்க இருக்கு? ஈரம் கூடினால் நெல் வாங்குறவன் விலையைக் குறைக்கிறான். நீங்க சோறு சாப்பிடுறதில்லையா?

கொழும்பிலிருந்து மறுபடி: அதற்கு ரோட்டா? போன வருசம் இருட்டில் கல்லில் ஏறி என் டயர் வெடிச்சது.

நான் விவசாயி பக்கம்தான் நிற்பேன். கொள்வனவுக்கு ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அறுவடை இயந்திரம் ஒரே நாளில் கொட்டும் நெல்லை வீட்டு முற்றத்தில் மட்டும் காயவைக்க முடியாது. சூடான தார் ரோட்டுத்தான் அந்த மக்களுக்குக் கிடைத்த களம். பெரும்போகம் அறுக்கும் மாசி, பங்குனியிலும் சிறுபோகம் அறுக்கும் ஆவணியிலும் இதை எதிர்பார்த்துத்தான் வர வேண்டும். மெதுவாக ஒதுங்கிப் போங்கள், நெல்லில் ஏற்றாதீர்கள். வைக்கோல் கிடந்தால் அதன் மேல் காரை நிறுத்தவே கூடாது, சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். ஆனால் சம்மாந்துறைத் தம்பி, கல் விசயத்தில் கொழும்புக்காரர் சொல்வது நியாயம். நெல் காயும் படங்கு (தார்ப்பாய்) பறக்காமல் வைத்த கல்லைப் பொழுதுபட முன் எடுத்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் வருபவன் அதில் விழுந்தால் உயிர் போகும்.

சம்மாந்துறையிலிருந்து: கல்லை எடுக்கச் சொல்றேன் அண்ணன். களம் கட்டித் தரச் சொல்லி நீங்களும் கேளுங்க.

கேட்கத்தான் வேண்டும்.

மெல்போர்னிலிருந்து: லகுகலையில் யானைக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?

கூடாது. பழம் கொடுத்துக் கொடுத்துத்தான் யானை காரை மறிக்கப் பழகுகிறது. தூரத்தில் நிறுத்துங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், இறங்காதீர்கள்.

கல்முனையிலிருந்து: மண்டூர் முருகனிடம் காரில் போக வழி?

களுவாஞ்சிக்குடியில் திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தால் போங்கள்.

சூரிச்சிலிருந்து: குமண தேசியப் பூங்காவுக்குச் சின்னக் கார் போகுமா?

பாணமை வரை போகும். அங்கால் ஜீப் பிடியுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து: நோர்வே லைசென்ஸ்...

முதல் பதில். லைசென்ஸ் கேள்விக்கு இனி எழுத மாட்டேன்.

பேர்லினிலிருந்து: இரவு எட்டுக்குக் கட்டுநாயக்கவில் இறங்குறோம். நேரே மட்டக்களப்புக்கு ஓடிவரலாமா?

வேண்டாம். ஹபறணையிலும் புணானையிலும் நடுச்சாமத்தில் யானை ரோட்டைக் கடக்கும், நீங்களோ விமானக் களைப்பில் இருப்பீர்கள். நீர்கொழும்பில் படுத்து எழும்பிக் காலை ஆறுக்கு வெளிக்கிடுங்கள். பொலன்னறுவையில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் வெளிச்சத்தில் வந்து சேரலாம்.