ஓசூர் நிலம் வித்து 2.4 கோடி வந்துச்சு, மேனேஜர் தொல்லை தாங்கல, அப்பாவுக்கு சுகர் வேற இருக்கு, திங்கக்கிழமையே வேலைய விடலாமான்னு கேட்டிருக்கீங்க.

திங்கக்கிழமையே ராஜினாமா பேப்பர் போடாதீங்க, ரெண்டரை மாசம் பொறுங்க. 4 வருஷம் 7 மாசம் சர்வீஸ்னு சொல்றீங்க, 90 நாள் நோட்டீஸோட 5 வருஷம் தாண்டிடும், கிராஜுவிட்டி (கம்பெனி தர்ற பணிக்கொடை) வரும். மாச பேசிக் சம்பளம் 80 ஆயிரம்னா கிட்டத்தட்ட 2.3 லட்சம், அத ஏன் விடணும்? ஆனா நோட்டீஸ் முடியறதுக்கு முன்னாடியே ரிலீவ் பண்ணிட்டா அது கிடைக்காம போகலாம், ஆஃபர் லெட்டர்ல அந்த வரிய படிச்சுப் பாருங்க.

அத விட முக்கியம் அப்பாவோட சுகர். கடைசி நாளோட ஆஃபீஸ் இன்சூரன்ஸ் கட், புதுசா எடுத்தா ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு 3 வருஷம் வரைக்கும் வெயிட்டிங், அதுவரைக்கும் அந்த வியாதிக்கு க்ளெய்ம் கிடைக்காது, அதனால பாலிசிய இப்பவே எடுத்துடுங்க.

நீங்க எழுதினதுல பாதி மேனேஜர் புராணம் தான், எனக்கென்னவோ பிரச்சனை வேலை இல்ல, அந்த ஆளுன்னு தோணுது. பத்து நாள் லீவ் போட்டு வீட்ல இருந்து பாருங்க. நான் பெங்களூர் மாரத்தஹள்ளில அப்படி இருந்தப்போ நாலாம் நாளே பால்கனில நின்னு தண்ணி லாரிய எண்ணிட்டு இருந்தேன்.

2.4 கோடி முழுசும் உங்களுதுன்னு நினைக்காதீங்க, அதுல வரி போகலாம். நிலம் நகராட்சி எல்லைக்குள்ளயா, விவசாய நிலமான்னு பொறுத்து வரிக் கணக்கே மாறும், சிஏ (ஆடிட்டர்) கிட்ட பத்திரத்த காட்டுங்க.