அட்டையில் ஊர் கட்டலாம் வாங்க: கேள்வி பதில்

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் சரித்திரப் போர் விளையாட்டுக்கு, வீடுகளைக் கையாலேயே செய்வது பற்றி வந்த கேள்விகள் இவை. அளவு சொல்லாதவர்களுக்கு 28 மி.மீ. பொம்மை என்றே வைத்துக்கொண்டேன்.

கோபிசெட்டிபாளையம்: ஏனுங்கண்ணா, தீரன் சின்னமலையோட ஓடாநிலைச் சண்டைக்கு ஓட்டு வீடு நாலு செஞ்சு படம் அனுப்பியிருக்கறேன். கூட்டாளி ஓடு தப்புங்கறான். அப்படிங்களா?

பதில்: அவர் சொல்றது சரிதானுங்க தம்பி. நீங்க ஒட்டியிருக்கறது பட்டையான சீமை ஓடு. பாசல் மிஷன் பாதிரிமாருங்க மங்களூர்ல அந்த ஓட்டுக்குத் தொழிற்சாலை போட்டதே 1865-ல. தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805. அந்தக் காலத்துக்கு நாட்டு ஓடுதான். சக்கரத்துல குழாயா வனைஞ்சு ரெண்டாப் பிளந்த அரைவட்ட ஓடு.

அதுக்கு நெளி அட்டைப் பெட்டி போதும். இருக்கறதுலயே சின்ன நெளியாப் பாருங்க. ஒரு பக்கத்துத் தாளை ஈரத்துணியால நனைச்சு உரிச்சா நெளி வெளிய வரும். நெளிக்குக் குறுக்கே 8 மி.மீ. பட்டைகளா நறுக்கி, தாழ்வாரத்துல ஆரம்பிச்சு மேல் நோக்கி, ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறுற மாதிரி ஒட்டுங்க. அங்கங்க ஒரு ஓடு உடைஞ்ச மாதிரி பிச்சு விடுங்க. ஆடுறவங்க நின்னுக்கிட்டு மேலருந்துதான் பாக்கறாங்க. கண்ணுல படறது கூரைதான். சுவருக்கு ஒரு மணி நேரம்னா கூரைக்கு மூணு மணி நேரம் கொடுங்க.

பொள்ளாச்சி: கூரை வேய எங்க ஊர்த் தேங்காய் நார் ஆகுமாங்க?

பதில்: ஆகாதுங்க. இந்த அளவுக்கு ஒவ்வொரு நாரும் வடக்கயிறு தடிமன்ல தெரியும். பழைய டர்க்கி துண்டை எடுங்க. பெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து நனைச்சு, கூரைமேல போர்த்தி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால மேலிருந்து கீழா வாரி விடுங்க. காய்ஞ்சதும் கரும்பழுப்பு அடிச்சு, மேல சாம்பல் நிறத்தை ஈரமில்லாத பிரஷ்ஷால லேசாத் தேய்ங்க. வெயில்ல கிடந்த பனையோலை அந்த நிறம்தான். நார்க் கால்மிதி இருந்தா தூக்கிப் போட்டுராதீங்க, சதுரமா வெட்டி வெச்சா சோளக்காடு!

காங்கேயம்: ஆத்தா ஊட்டு வாசல்ல குனிஞ்சுதான் நுழையோணும். அதே மாதிரி செஞ்சா பொம்மை நிலைக்கு மேல நிக்குதுங்க.

பதில்: 28 மி.மீ.ங்கறது பெரும்பாலும் பாதத்துல இருந்து கண் வரைக்கும்தான் அம்மணி. தலை, தலைப்பாகை, அடித்தட்டு 3 மி.மீ. எல்லாம் தனி. கதவை 38 மி.மீ.க்குக் குறைக்காதீங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டாங்க.

பெருந்துறை: தொட்டிக்கட்டு வீட்டை அளவு மாறாமச் செஞ்சா மேசையே நிறைஞ்சு போகுதுங்களே?

பதில்: நிறையத்தான் செய்யும். அறுபது அடி வீடு இந்த அளவுல ஓரடிக்கு மேல வரும். ஆனா தூரத்தை யாரும் அளவுப்படி வெக்கறதில்லைங்க. துப்பாக்கிக் குண்டு 90 மீட்டர் போகுதுன்னா, பொம்மை அளவுக்கு அது 1.6 மீட்டர், நாலடி மேசையோட அகலத்தைத் தாண்டிரும். தூரத்தைச் சுருக்கறப்ப வீட்டையும் சுருக்கலாம். கதவு, திண்ணை உயரத்தைத் தொடாதீங்க, அறைகளைக் குறைங்க. தொட்டியை, அதாவது நடுவுல இருக்கற திறந்த முற்றத்தை, மட்டும் விட்டுராதீங்க, அது இல்லீன்னா கொங்கு வீடாத் தெரியாது. கூரை கழட்டற மாதிரி இருக்கோணும், இல்லீன்னா உள்ளே ஆள் நிறுத்த முடியாது.

திருப்பூர்: தெர்மாகோல் சுவர்ல ஸ்ப்ரே அடிச்சேன், உருகிருச்சு.

பதில்: ஸ்ப்ரேயில இருக்கற கரைப்பான் தின்னுரும். பெவிகால்ல அக்ரிலிக் பெயின்ட் கலந்து ரெண்டு பூச்சு முதல்ல. சூப்பர் குளூவும் ஆகாது.

தாராபுரம்: அட்டைச் சுவர் வளைஞ்சு போகுதுங்க.

பதில்: ரெண்டு பக்கமும் பெயின்ட் அடிங்க.

அவிநாசி: மண் சுவருக்கு என்ன பூச்சு?

பதில்: வால் புட்டி, பெவிகால், டீ வடிகட்டியில சலிச்ச செம்மண். மண்ணை முதல்ல வாணலியில வறுத்துருங்க, பூச்சி பூஞ்சை வராது. சுண்ணாம்பு அடிச்ச சுவருக்குப் பளிச்சுனு வெள்ளை வேண்டாம், துளி மஞ்சளும் சாம்பலும் சேருங்க. அடியில ஒரு சென்டிமீட்டருக்கு அதே செம்மண்ணைத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு விட்டா, மழை தெறிச்ச கறை வந்துரும்.